ரேசன் கார்டோடு மலையேறிய வியாபாரி

ஒரு யோக்கியமான மனிதரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன். சும்மா சொல்லவில்லை, இங்கிலீஷில் படித்து, தமிழில் விளக்கிச் சொன்னேன்.

அப்போது சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் எனக்கு வேலை. அம்மாவும் அப்பாவும் அதே எஸ்டேட்டில் பழம் பறிப்பவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேலத்தில் கம்ப்யூட்டரும் படித்திருந்ததால் ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தது. 'பொங்கல் வரைக்கும் பார்க்கலாம்' என்பது முதலாளியின் நிபந்தனை. (அந்த நாற்காலியைப் பார்ப்பதற்கென்றே அம்மா தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். நான் அதில் உட்கார்ந்திருப்பது இரண்டாம் பட்சம்.)

1999 டிசம்பர். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று ஊரெங்கும் பேச்சு. எங்கள் ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர் ரொம்பவே பயந்துபோயிருந்தார்.

"ஏனுங் கண்ணு, பொட்டி வெடிச்சுப்போடுமா?"

நான் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரின் காலண்டரை 1990க்குத் திருப்பி வைத்தேன். "இனி பத்து வருசத்துக்கு நிம்மதியா இருங்க." ரைட்டர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் தடுக்கவில்லை.

அடுத்த வாரம், சேலத்துக் காப்பி வியாபாரி ஒருவர் எங்கள் சரக்குக்கு நல்ல விலை சொல்லியிருந்தார். அவருடைய மகன் புதிதாக ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தான். அன்று சாயங்காலத்துக்குள் அதில் எங்கள் சம்மதத்தைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் விலை போச்சு. விலை போனால் நாற்காலியும் போச்சு. முதலாளி என் பின்னால் வந்து நின்றார். மோடம் கதறி ஓய்ந்ததும் திரையில் இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை குதித்தது: இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்று செல்லாது, தொடரலாமா?

போன் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். அதே எச்சரிக்கை. திரையைத் துணியால் துடைத்தேன். (எச்சரிக்கை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.) கடைசியில் 'நோ' என்ற பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

"ஆளு நம்பறாப்ல இல்லீங்க மொதலாளி. திருட்டுச் சான்றுங்க."

முதலாளி உடனே சேலத்துக்குப் போன் போட்டார். "எங்க கம்ப்யூட்டர் அம்மணி உங்களை நம்ப வேண்டாம்னு சொல்லுதுங்க!"

மத்தியானத்துக்குள் செய்தி தொழிலாளர் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. "எம் புள்ள திருடனைப் புடிச்சிருச்சு!" என்று அம்மா பழக்கூடையோடு ஜன்னலுக்கு வந்துவிட்டாள். பின்னால் அவளுடைய கூட்டாளிகள்.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியது அந்தத் 'திருடன்'தான். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் தாங்காமல் ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் மஞ்சப்பை. பையிலிருந்து ரேசன் கார்டு, வாக்காளர் அட்டை, கல்யாண போட்டோ என்று ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"இத்தனையிலயும் இருக்கறது நாந்தானுங் கண்ணு. இன்னும் என்ன வேணும்னு பொட்டியக் கேட்டுச் சொல்லுங்க."

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் எச்சரிக்கையை மறுபடி வரவழைத்து, சான்றைத் திறந்து வரிவரியாகப் படித்தேன்.

"பேரு சரிதானுங்க. குடுத்தவங்களும் சரிதானுங்க. தேதி... இந்த வருசம் தொண்ணூத்தொம்போதுல இருந்துதான் செல்லும்னு போட்டிருக்குதுங்க."

"இப்ப எந்த வருசமுங்க?"

"தொண்ணூத்தொம்போதுதானுங்க" என்று, அதையும் நிரூபித்துவிடும் வேகத்தில், திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தின் மேல் அம்புக்குறியை வைத்தேன்.

1990 என்றது.

ரைட்டர் இருமினார். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார். நான் எழுந்தேவிட்டேன்.

வியாபாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பொட்டி சரியாத்தானுங்க சொல்லியிருக்குது! தொண்ணூறுல நான் மாவு மில்லுதானுங்க வெச்சிருந்தேன்! அன்னிக்கு வந்து காப்பி வியாபாரின்னு சொல்லியிருந்தா எம் பொண்டாட்டியே நம்பியிருக்க மாட்டா." பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "இப்படிச் சலிச்சுப் பாக்கற புள்ளைய உட்டுராதீங்க. உட்டீங்கன்னா நான் சேலத்துக்குக் கூட்டீட்டுப் போயிருவேன்."

தேதியைத் திருத்தினேன். எச்சரிக்கை வரவேயில்லை. வெளிச்சம் இருக்கும்போதே சம்மதம் பதிந்தாயிற்று. பொங்கலுக்குப் பிறகும் நாற்காலி எனக்கே இருந்தது. தன்னைத் திருடன் என்றவளின் வேலையைக் காப்பாற்றிவிட்டு, அந்த மனிதர் மறுபடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மலையிறங்கினார். நான் படித்த எந்த வகுப்பிலும் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. அம்மா மட்டும் அசரவில்லை. "வருசம் தப்பா இருந்தா என்னாடி, எம் புள்ள இங்கிலீசு படிச்சது நொம்பச் சரி" என்று கூட்டாளிகளிடம் அடித்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், உள்ளிருந்து முதலில் வரும் கேள்வி, "ரேசன் கார்டு இருக்குதா?"

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வரன் கொண்டுவந்தவர் அதே வியாபாரி. தட்டில் காப்பியோடு வந்த அம்மா, பழக்க தோஷத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து, "ஏனுங்க, ரேசன் கார்டு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை சிரிக்காமல் தன் மஞ்சப்பையிலிருந்து கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "தேதியும் பாத்துக்குங்க" என்றார்.

வியாபாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்.

அதற்குப் பிறகு 'நோ'வை அழுத்த எனக்கு மனம் வரவில்லை.