கண்ணீர் வாராரு, ஓடுங்க!

கொட்டாம்பட்டி வட்டாரத்தில் எமனே நேரில் வந்தால்கூட, “வாங்க, ஒரு டீ சாப்பிடுங்க” என்று பெஞ்சில் இடம் விடுவார்கள். ‘கண்ணீர்’ வந்தால் மட்டும் பெஞ்சையே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த மனிதர் கையில் பாசக்கயிறு கிடையாது. கழுத்தில் ஒரு கேமரா தொங்கும், அவ்வளவுதான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளக்ஸ் கடை வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சி என்று எல்லா பேனரும் அடிப்பார். ஆனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘கண்ணீர் அஞ்சலி’. அப்புறம் அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாமல் வெறும் ‘கண்ணீர்’ ஆகிவிட்டது. “மாஸ்டர், கண்ணீருக்கு ஒரு டீ, சீனி கம்மியா” என்று டீக்கடையில் குரல் கேட்டு, வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

அவர் கேமராவைத் தூக்கியதற்குக் காரணம் எங்கள் ஊரில் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். அவர் இறந்தபோது வீட்டில் இருந்த ஒரே படம் ரேஷன் கார்டில் இருந்ததுதான். கண்ணீர் அதையே ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி பேனர் அடித்தார். படம் போலீஸ் தேடும் ஆளைப் போல வந்தது. அக்காவுக்கு முடியவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டு வந்த அந்த அம்மாளின் தங்கை பஸ்ஸை விட்டு இறங்கினார். பேனரைப் பார்த்தார். ‘நல்லவேளை, இது வேற யாரோ’ என்று நிம்மதியாகி, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஊருக்குள் வந்தார். வாசலில் பந்தலைப் பார்த்ததும் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கண்ணீர் மட்டும் சிரிக்கவில்லை.

“கூடப் பொறந்தவளுக்கே அடையாளம் தெரியாத படத்தை அடிச்சுக் குடுத்துட்டு, நான் என்னத்துக்கு மாப்ள கடை வச்சிருக்கேன்?” என்று என்னிடம் கேட்டார்.

மறுநாளே கழுத்தில் கேமரா ஏறிவிட்டது. வயதானவர்களை எங்கே கண்டாலும் மொபெட்டை ஓரங்கட்டி, “சிரிங்கண்ணே, சிரிங்கத்தா” என்று கண்ணைச் சுருக்க ஆரம்பித்தார்.

இன்னொரு கிறுக்கும் சேர்ந்துகொண்டது. ‘இமயம் சரிந்தது’, ‘எங்கள் குலவிளக்கு அணைந்தது’ வகையறாக்களை இனி அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “அந்தாளு அஞ்சடி ரெண்டு அங்குலம். இமயம்னு போட்டா அவரே கோவிச்சுக்குவாருடா” என்பார். செத்தவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்து, உண்மையான ஒரு வரி எழுதுவார். ‘எந்தக் கல்யாணத்திலும் சாம்பாரில் உப்பு கூட என்று சொல்லாமல் எழுந்திருக்காதவர்.’ ‘மூன்று மருமகள்களோடும் சண்டை போட்டு, மூன்று பேருக்கும் பிரசவம் பார்த்தவர்.’ சொந்தக்காரர்கள் முதலில் சண்டைக்குப் போவார்கள். பேனர் ஏறியதும் அதைப் பார்த்து அழுதுகொண்டே சிரிப்பார்கள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் ஒரு பெரியவரைப் படம் எடுத்தார். அவர் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தொண்ணூறு வயது, ஆறு மாதமாகப் படுக்கை, அன்றைக்குத்தான் பேரன் தூக்கி வந்து டீ வாங்கிக் கொடுத்தான் என்பதையெல்லாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்து மாவு மில்லில் நின்றவரை எடுத்தார். அவரும் போனார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் தானாகவே மீசையை முறுக்கி நின்று எடுத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வயலில் பம்புசெட் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் என்ன? மொபெட் சத்தம் கேட்டாலே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நூறு நாள் வேலையில் நின்ற பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கருவேல மரத்துக்குப் பின்னால் போய் நின்றார்கள். பஸ் நிறுத்தத்தில் அவர் வந்து நின்றால், மேலூர் போக வேண்டியவர்கள் எதிர்ப்பக்கம் போகும் திருச்சி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும், மனைவி போன துக்கத்தில், கடைக்கே போய், “எடு, நானும் கெளம்புறேன்” என்று உட்கார்ந்தார். வருடக்கணக்காகியும் ஒன்றும் ஆகவில்லை. “உன் கேமரா ரிப்பேருப்பா” என்று கண்ட இடமெல்லாம் திட்டுவார். ஊர் அதையும் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் அப்பாவுக்கு வருகிறேன். ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர். விலாவில் கொம்பு ஏறிய தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டிப் பெருமை பேசுகிறவர். நல்ல பாம்பைக் கையால் பிடித்து வரப்பு தாண்டி எறிந்தவர். அப்படிப்பட்ட மனிதர் கண்ணீர் வந்தால் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிவார்.

ஒரு பொங்கல் சமயம். எங்கள் காளை வாடிவாசலில் யார் கைக்கும் சிக்காமல் வெளியே வந்துவிட்டது. அப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். அப்பா திரும்பினார். கூட்டத்துக்கு நடுவில் கண்ணீர், கேமராவை இறக்கியபடி, “அருமையா வந்திருக்குண்ணே!” என்றார்.

அப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது.

அன்று மாலை சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்திருக்கவில்லை. “நெஞ்சு படபடங்குது” என்றார். மேலூரில் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். அப்பா நம்பவில்லை. காளையை யார் பார்ப்பது, கிழக்கு வயலை யாருக்கு விடுவது என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் கையைப் பிடித்தபோது ஜில்லென்று இருந்தது. அந்தக் கை அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. பயம் ஓர் ஆளைக் கொல்லும் என்று அன்றைக்கு நான் நம்பினேன்.

அம்மா என்னை உலுக்கினார். “போய் அந்தப் போட்டோவ அழிக்கச் சொல்லுடா. மாட்டேன்னா கடையோட கொளுத்திட்டு வா.”

விஷயத்தைச் சொன்னதும் கண்ணீரின் முகம் வெளிறிவிட்டது. “நான் அவரு சிரிச்சாரேன்னுதான் எடுத்தேன் மாப்ள” என்றார். அப்போதே மொபெட்டை எடுத்தார்.

வீட்டுக்குள் அவரைப் பார்த்ததும் அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். “அதுக்குள்ள வந்துட்டியா?” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் நடுங்கி வந்தது.

“உங்க கண்ணு முன்னால அழிக்கிறேண்ணே. ஒருவாட்டி பாருங்க.”

போர்வை கொஞ்சம் இறங்கியது. கேமராவின் சின்னத் திரையில் அப்பா காளையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அப்பா வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மெதுவாக, “இதுக்கு என்னடா எழுதுவ?” என்றார்.

நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கண்ணீருக்குப் பொய் சொல்ல வராது. “ஊர்ல விசாரிச்சு முடிவு பண்ணிட்டேண்ணே. ‘மாட்டுக்குப் பயப்படாதவர், மனைவிக்குப் பயந்தவர்.’”

அப்பா போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். “எவன்டா சொன்னது? எவன்டா பயந்தது? எம்புட்டு தைரியம் இருந்தா எங்க வீட்டுக்குள்ளயே வந்து…” என்று வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்று நாள் படுக்கையில் கிடந்தவர் வாசல்வரை கண்ணீரை விரட்டினார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “வெந்நி காஞ்சிருச்சு. குளிங்க முதல்ல.”

“இந்தா வாரேன்” என்று அப்பா திரும்பிக் குளிக்கப் போனார். வாசலில் கண்ணீர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். படத்தை அவர் அழித்தாரா என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் கண்ணீருக்கே முடியாமல் போனது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

“மாப்ள, பயமா இருக்குடா” என்றார். “அம்புட்டு பேரு கதையையும் எழுதுனேன். எப்படி வாழ்ந்தாங்கன்னு கேட்டேன். போறப்ப எப்படி இருந்துச்சுன்னு கேக்காம விட்டுட்டேனே.”

பேச்சை மாற்ற நினைத்து, போனை எடுத்து, “சிரிங்கண்ணே, ஒரு படம் எடுக்கிறேன்” என்றேன்.

“யேய், வேணாம்டா!” என்று கையால் முகத்தை மறைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார். தலையை விரலால் கோதிக்கொண்டார். “சரி எடு. ஆனா பயத்துல எப்படிடா சிரிக்கிறது?”

“நாங்க எல்லாம் சிரிக்கலையா?”

“நீங்க எங்கடா சிரிச்சீங்க? ஓடுனீங்க!” என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துவிட்டேன்.

அந்த வாரமே போய்விட்டார்.

செய்தி வந்ததும் என் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அந்தப் படத்தை எடுத்திருக்கக் கூடாதோ? படித்தவன்தான், பத்திரிகையில் எழுதுகிறவன்தான். ஆனாலும் அந்த எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. ஊரும் சும்மா இருக்கவில்லை. சாவு வீட்டில் யாருக்கோ பதில் அனுப்ப நான் போனைத் தூக்கியதும், முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பேனருக்கு அந்தச் சிரித்த படத்தையே கொடுத்தேன். கடையில் வேலை பார்க்கிற பெண், “வரி என்ன போடறதுண்ணே? எல்லாருக்கும் அவருதான எழுதுவாரு” என்று அழுதார். டீக்கடையில் கூட்டம் கூடி ஆளுக்கொன்று சொன்னார்கள். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் எங்கள் அப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “‘சிரிங்கண்ணே சிரிங்கண்ணேன்னு சொல்லியே எங்களையெல்லாம் ஓட விட்டவர்’னு போடு” என்றார். அதுவே ஏறியது. கண்ணீரின் மனைவி பேனரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அழுதார்.

சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா உரம் வாங்கிக்கொண்டு வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். என்னப்பா என்றேன்.

“கொட்டாம்பட்டி ரோட்டுல இப்பல்லாம் பயமே இல்லாமத்தான் போறேன், வாரேன்” என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்லாவே இல்லடா.”