பந்தி தொடங்கிய பிறகு முடிந்த பந்தயம்

மருந்துக்கடைக்காரி ஆரோக்கியமாக இருப்பாள் என்று யாராவது நம்பிக்கொண்டிருந்தால், வடசேரியில் என் கடைக்கு ஒருமுறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம். பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தினமும் நடக்கச் சொல்லி உபதேசிப்பேன். நான் நடப்பது கல்லாவிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும்தான். (அதற்கும் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி உண்டு. உருட்டிக்கொண்டே போய்விடலாம்.)

அந்தக் கடைக்கு ஒருநாள் விஜி வந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பெண்களுக்கு மட்டும் டிரையத்லான் நடத்தப் போகிறார்களாம். குளத்தில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓட வேண்டும். குளுக்கோஸ் பாக்கெட் இலவசமாகத் தர முடியுமா என்று கேட்டாள். ஒரு பெட்டி கொடுத்தேன். அதோடு போயிருக்கலாம். போகிற போக்கில், மிகவும் அன்பாக, ஒன்று சொன்னாள்.

"ஆன்ட்டி, நீங்களும் வாங்க. நிழல்ல இருந்து தண்ணி எடுத்துக் குடுத்தா போதும்."

அந்த 'நிழல்ல' என்ற சொல்தான் என்னை ஏதோ செய்துவிட்டது. என் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தண்ணீர் கொடுக்கவா என்று கேட்டாள். ஓட என்றேன்.

வீட்டில் என் கணவர் சாம்ராஜ் இதைக் கேட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக்கூடக் கழுவாமல் சிரித்தார். அப்போதே முடிவாகிவிட்டது, பின்வாங்குவதற்கு இல்லை என்று. பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தாலாவது ஆராதனையைச் சொல்லித் தப்பித்திருப்பேன். பாவிகள், சனிக்கிழமை வைத்துவிட்டார்கள்.

நீச்சல்தான் என் பலம் என்று நினைத்திருந்தேன். சிறுமியாக இருந்தபோது குளத்திலேயே கிடந்தவள் நான். ஆனால் நான் அறிந்த நீச்சலில் தலை வெளியே நிற்கும், கைகால்கள் உள்ளே என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது. பந்தயத்தன்று சுடிதார் வேறு காற்றை அடைத்துக்கொண்டு முதுகில் உப்பி நின்றது. ரப்பர் படகில் காவலுக்கு இருந்த தீயணைப்பு வீரர், ஒரு பெண்மணி மூழ்குகிறாள் என்று முடிவு செய்து விரைந்து வந்தார். கையை நீட்டினார். பிடித்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

"நான் முங்கல்ல, நீந்துகேனாக்கும். தள்ளிப் போங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை. கரை வரைக்கும் பக்கத்திலேயே படகைச் செலுத்தி வந்தார். ஒரு தலைவரின் ஊர்வலம் போல அந்தத் தாமரைக் குளத்தைக் கடந்தேன்.

அடுத்தது சைக்கிள். மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அது. முன்னால் கூடை உண்டு. மற்றவர்கள் கியர் வைத்ததில் பறந்துவிட்டார்கள். அஞ்சுகிராமம் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. எனக்குள் இப்படி ஒரு திறமை ஒளிந்திருந்ததா என்று வியந்தேன். திரும்பியபோதுதான் தெரிந்தது, அத்தனை திறமையும் காற்றினுடையது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வந்த காற்று இப்போது நேராக என் மார்பில் மோதியது.

அந்த நேரம் பார்த்து என் வாடிக்கையாளர் தங்கையா அண்ணன் சாலையோரம் நின்றிருந்தார். கடை ஏன் திறக்கவில்லை என்று கேட்டார். சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டதாம். சாயங்காலம் திறப்பேன் என்றேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமா பின்னாலா என்று அடுத்த சந்தேகம் வந்தது. அதற்கும் பதில் சொன்னேன். இவ்வளவு நேரமும் அவர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். ஆமாம், நடந்துதான். நான் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால்கள் என்னுடையவையாக இல்லை. ஓட்டம் என்று அறிவித்ததை நான் நடையாகவும், பிறகு நடை மாதிரியான ஏதோ ஒன்றாகவும் செய்தேன். சாம்ராஜ் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"எஸ்தரே, வண்டில ஏறு. இங்க யாரும் பாக்கல்ல."

"நான் பாக்கேன்லா," என்றேன்.

 அவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னோடு நடந்தார்.

எல்லைக்கோட்டுக்கு வந்து பார்த்தால், பரிசு கொடுத்து முடிந்து, சிறப்பு விருந்தினரும் போய்விட்டார். பந்தியில் சாம்பார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சாமியானாவை ஒரு பக்கம் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். விஜி ஓடி வந்தாள். நான் பாதியில் வீட்டுக்குப் போயிருப்பேன் என்று நினைத்தார்களாம். பரவாயில்லை ஆன்ட்டி, வந்து சாப்பிடுங்கள் என்றாள்.

கோட்டுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டேன்.

"ரிப்பனக் கெட்டு மக்கா. பெறவுதான் வருவேன்."

ரிப்பன் இல்லை, முதலில் வந்த பெண்ணோடு அது போய்விட்டது என்றாள். நான் நகரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. வியர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் நின்றேன்.  விஜி சாமியானாக்காரரிடம் போய், ஓரத்தில் தொங்கிய சிவப்புத் துணிப் பட்டையை அவிழ்த்துத் தரச் சொன்னாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவர் பிடித்தார். பந்தியிலிருந்த பெண்கள் வலக்கையில் சோறோடு இடக்கையால் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள்.

நான் ஓடினேன். உண்மையாகவே ஓடினேன். ஆனால் சாமியானாத் துணி ரிப்பன் போல அறுந்துவிடுகிற சரக்கா? வயிற்றில் வந்து சிக்கியது. நான் நிற்கவில்லை. விஜியையும் சாமியானாக்காரரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். ஒரே நேரத்தில் மூன்று பேர் கடைசியாக வந்த டிரையத்லான் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வருட அறிவிப்பில் ஒரு புதிய விதி வந்தது. பந்தி தொடங்குமுன் பந்தயத்தை முடிக்காதவர்கள் முடித்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள். மாவட்டத்தில் எத்தனையோ பெண்கள் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு விதியையே உண்டாக்கியவள் நான் ஒருத்திதான்.

எங்கள் வீட்டில் அதற்கு 'எஸ்தர் சட்டம்' என்று பெயர். யாராவது கிளம்பத் தாமதித்தால் மகள் அதைச் சொல்லித்தான் மிரட்டுவாள். நான் குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தாலும் சாம்ராஜ் கதவைத் தட்டி, எஸ்தர் சட்டம் பாயப் போகிறது என்பார். அது மற்றவர்களுக்குப் போட்ட சட்டம் என்று உள்ளேயிருந்தே பதில் சொல்லிவிட்டு, இன்னொரு வாளி தண்ணீருக்குக் குழாயைத் திறந்துவிடுவேன்.