மெட்ரோவைக் கண்காணித்த உப்பண்ணை

வானொலியில் மைனஸ் இருபத்தைந்து என்று சொன்னால் சந்தோஷப்படும் ஒரே தமிழர், கனடாவின் மொன்ட்ரியல் நகர் முழுக்கத் தேடினாலும், உப்பண்ணை ஒருவர்தான். மூக்கு உறைந்துபோய் நாங்கள் கோட்-டெ-நெய்ஜ் பஸ்ஸிலிருந்து இறங்குவோம். அவர் ஆய்வக வாசலில் நின்று, "நல்லாக் காய்ஞ்ச நாள் தம்பி!" என்பார்.

மட்டக்களப்புக்காரர். பல்கலைக்கழகத்தில் டெக்னீஷியன். அவருடைய உயிர் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. உள்ளே உப்பு; அதனால்தான் எங்களுக்கு அவர் உப்பு அண்ணை, உப்பண்ணை. தண்ணீரே சேர்க்காமல், சூடும் காட்டாமல், எண்ணெய் மாதிரி ஓடும் விசித்திரமான உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துக் கெட்டுவிடும்; கடுங்குளிரில்தான் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். ஈரத்தை விரட்ட ஆய்வகத்தில் நல்ல கருவி இருந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. புது ஷூப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு பொட்டலம் வைப்பார்களே, அதை லாசால் பகுதியில் உள்ள உறவினர் வீடெல்லாம் ஏறிக் கேட்டு வாங்கி வருவார். ஒருநாள் போத்தலருகே தும்மிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் சென்னையிலிருந்து போன மென்பொருள்காரன். அளவீடுகளை வரைபடமாக்குவது என் வேலை. மின்சாரம் ஏற்றிய தகட்டின் மேல் அந்த உப்பை ஊற்றி, மிக மெல்லிய ஊசிமுனையை இறக்குவார்கள். உப்பிலுள்ள பிளஸ் துகள்களும் மைனஸ் துகள்களும் தகட்டருகே தனித்தனி அடுக்காகப் பிரிந்து நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி. நின்றால், ஊசி அடுக்கடுக்காகத் துளைத்து இறங்கும்போது வரைபடத்தில் படிக்கட்டு விழும்.

ஊசிக் கருவியின் சின்னத் திரையில் படிக்கட்டு விழுந்தது. என் கணினியிலோ வழுவழுவென்று சறுக்குமரம்!

ஆய்வை நடத்திய பேராசிரியர் என் கணினியைத்தான் நம்பினார். "கீழே மெட்ரோ ஓடுகிறது, அதன் அதிர்வைத்தான் படி என்கிறீர்கள்" என்றார். இன்னும் ஒரு வாரம் பார்ப்பார். பிறகு வேலையை மூடிவிடுவார். உப்பண்ணையின் ஒப்பந்தமும் அதோடு முடியும்.

"ரப்பர் டயர்ல ஓடுற வண்டி, எப்பிடித் தம்பி ஆட்டும்?"

"அந்தப் படியெல்லாம் வெறும் நாய்ஸ்ணே. விட்டுடுங்க."

"விடுறதோ? நான் போய்ப் பாத்திட்டு வாறன்."

கைக்கடிகாரத்தை என் கடிகாரத்தோடு சரிபார்த்துக்கொண்டு, நோட்டுப்புத்தகத்துடன் மெட்ரோ நிலையத்துக்குப் போனார். ஒவ்வொரு ரயிலும் வரும் நேரம், போகும் நேரம் எல்லாம் எழுதினார். மேலே நான் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு காவலரோடு திரும்பி வந்தார். நடைமேடையில் என்ன எழுதுகிறீர் என்று அவர் பிரெஞ்சில் கேட்டிருக்கிறார்.

"போன்ஜூர் சொல்லிப்போட்டு, உங்கட வண்டி என்ட உப்பை ஆட்டுதோ எண்டு பாக்கிறன் எண்டன். ஆள் நம்பேல்ல. அதுதான் கூட்டி வந்தனான்."

காவலர் சின்னத் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். விரலால் படிகளை எண்ணினார். "மெர்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டுப்புத்தகத்தோடு ஒப்பிட்டோம். ரயில் வந்தாலும் படி, வராவிட்டாலும் படி. எல்லாப் படியும் ஒரே அகலம்; அதிர்வாக இருந்தால் தாறுமாறாக விழுந்திருக்கும்.

உப்பண்ணை என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்கட பெட்டி என்ன செய்யுது?"

நிரலைத் திறந்தேன். அளவுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்துச் சராசரி எடுக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். வரைபடம் அழகாக இருக்கட்டும் என்று! அந்த வரியை எடுத்ததும் கணினியிலும் படிக்கட்டு வந்து நின்றது. எனக்குக் காது சுட்டது.

பேராசிரியரிடம் போய் என் தவறைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற உப்பண்ணை முந்திக்கொண்டு, "மூன்று நாளும் ஊசியை இறக்கியது இவர்தான் சேர்" என்றார். ஆய்வு தொடர்ந்தது, ஒப்பந்தமும்தான்.

மாலையில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வேறு யோசனையில் இருந்தார்.

"தகட்டில பிளஸ்ஸை மைனஸ் ஆக்கினா, அடுக்கெல்லாம் இடம் மாறுமோ? நாளைக்குப் பாப்பமா?"

அந்தப் 'பாப்பமா'வில் நானும் இருக்கிறேன் என்பது பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.