அன்னப்பறவைக் குளம்

தும்பை நாட்டில் மழை தவறினாலும் மக்கள் சபை தவறியதில்லை. ஆண்டுக்கொருமுறை அரசர் முன்னே எல்லோரும் கூடுவார்கள். மந்திரி ஆணையை வாசித்துவிட்டு, "சரிதானே?" என்பார். "சரிதான்" என்று சொல்லி, சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதற்குப் பெயர் மக்களாட்சி.

இந்த அழகான ஏற்பாட்டில் மண்ணள்ளிப் போட்டவர் அஞ்சுகம். ஒருவருக்கும் லாபமில்லாத சபைத் துணைச் சங்கத்தின் ஊழியர். "சரிதானேன்னு கேட்டா, எது சரின்னு திருப்பிக் கேளுங்க" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுப்பதே அவர் வேலை. ஊரின் குடிநீர்க் குளத்தை அன்னப்பறவை வளர்க்க அரசரின் மைத்துனருக்குக் கொடுத்தபோது, பேச்சியம்மா என்ற பெண் சபையில் எழுந்துவிட்டாள்.

"அப்ப நாங்க எதைக் குடிக்கிறது சாமி?"

மந்திரி நிதானமாக விளக்கினார். கேள்வி கேட்டால் நாக்கு வறளும். வறண்டால் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும். ஆகவே தட்டுப்பாட்டுக்குக் காரணம் கேள்விகளே. உடனே கேள்வி தடைசெய்யப்பட்டது, சங்கம் கலைக்கப்பட்டது, குளத்தைச் சுற்றி வேலி எழுந்தது. ஊரே அயலூருக்குப் போய்க் குடம் சுமந்தது. பேச்சியம்மா பேசுவதையே விட்டுவிட்டாள். தன்னால்தானே என்று அஞ்சுகத்துக்கு மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பேரரசர் வருவதாகச் செய்தி வந்தது. மக்கள் கேள்வி கேட்கும் நாட்டோடு மட்டுமே அவர் நட்புக் கொள்வாராம். மந்திரி வேர்த்து விறுவிறுக்க அஞ்சுகத்தின் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஒரு நாளைக்கு மட்டும் ஜனங்க கேள்வி கேக்கணும்மா. அரசர் எப்படி இவ்வளவு நல்லவரா இருக்கார்னு, அந்த மாதிரி."

"கேக்கச் சொல்லித் தர்றேங்க. எதைக் கேக்கணும்னு நான் சொல்லித் தர்றதில்ல."

"அது போதும்" என்றார் மந்திரி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரியாது.

பேரரசர் வந்து அமர, சபை கூடியது. பேச்சியம்மாதான் முதலில் எழுந்தாள்.

"எங்க குளத்தை எப்பத் திருப்பித் தருவீங்க?"

அவள் பின்னால் ஊரே எழுந்து நின்றது. அஞ்சுகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பேரரசரின் முகம் வெளிறியது.

மந்திரி சிரித்துச் சமாளித்தார். "எல்லாம் நடிப்பு, பேரரசே. கூலிக்குப் பிடித்துவந்த ஆட்கள்."

"நல்லவேளை, நிஜமோ என்று பயந்துவிட்டேன்" என்று பேரரசர் மூச்சுவிட்டார். நட்பு உடன்படிக்கை கையெழுத்தானது. கேள்வி கேட்போர் அனைவரும் கூலிக்கு நடிப்பவர்களே என்று அன்று மாலையே அரசாணையும் வெளியானது.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் வெறுங்குடங்களோடு கூட்டம் நின்றது. என்ன வேண்டும் என்று காவலன் கேட்டான்.

"நடிச்சதுக்குக் கூலி வாங்க வந்திருக்கோம்" என்றாள் பேச்சியம்மா. "காசெல்லாம் வேண்டாம். குளத்தைக் குடுத்தாப் போதும்."

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்ட அஞ்சுகம் தன் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டார்.