திரைக்குப் பின்னால் முதல் நாற்காலி

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: தேர்வுக் குழுவினர் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள்; எழுத்தர் ஒருவர்; திரை கட்டிய தச்சர் ஒருவர்; வயலின்காரர்கள் ஒன்பது பேர். ஆகப் பதினாறு.

அந்த ஒன்பதில் ஒருத்தி, அரசு இசைக்குழுவின் இரண்டாம் நாற்காலியில் பத்தொன்பது வருஷமாக வாசிப்பவள். வயலின்காரர்களுக்குத் தலைமை தாங்கும் முதல் நாற்காலிக்கு இது அவளுக்கு ஐந்தாவது தேர்வு. முந்தைய நான்கு முறையும் குழு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'வாசிப்பில் தாய்மை தெரிகிறது, தலைமை தெரியவில்லை' என்று எழுதியது. நான்கிலும் ஒரே வாக்கியம். காற்புள்ளிகூட இடம் மாறவில்லை.

இம்முறை மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. வாசிப்பவர் ஆணா பெண்ணா என்று குழுவுக்குத் தெரியவே கூடாது. அதனால்தான் திரை.

முதல் ஆள் நடந்து வந்ததுமே தலைவர் கையைத் தூக்கினார். செருப்புச் சத்தம் காட்டிக்கொடுக்கிறதாம். எழுத்தர் ஓடிப்போய்ப் பத்தாம் அளவு பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்ட ஐந்தாம் அளவுக் கால்காரி தடுக்கி விழுந்து, "ஐயோ அம்மா" என்றாள். குரல் தெரிந்துபோயிற்று. ஆகவே எல்லோருக்கும் பதிலாக எழுத்தரே பூட்ஸ் போட்டு நடப்பார் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

அப்போதும் ஓர் உறுப்பினருக்குத் திருப்தியில்லை.

"சும்மா இருக்கிறதிலேயே தெரியுது சார். பொம்பளைங்கதான் இவ்வளவு பொறுமையா இருப்பாங்க."

எனவே எல்லோர் சார்பிலும் பொறுமையிழந்து கனைக்கும் பொறுப்பும் எழுத்தருக்கே வந்தது.

ஏழாவதாக அவள் முறை. பூட்ஸ் நடந்தது. கனைப்பு கேட்டது. அவள் வாசித்தாள்.

"நடையிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆள் சிங்கம்னு," என்றார் தலைவர். நூற்றுக்கு நூறு.

எழுத்தர் உறையைப் பிரித்துப் பெயரைப் படித்ததும் ஐந்து பேரும் தண்ணீர் குடித்தார்கள். மார்க்கைக் குறைத்தால் சுற்றறிக்கையை மீறியதாகும். குறைக்காவிட்டால் அவளை உட்கார வைத்தாக வேண்டும். ஒரு மணி நேரம் கூடிப் பேசிவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள்.

"வாழ்த்துகள்மா. முதல் நாற்காலி உங்களுக்குத்தான்."

"எப்ப வந்து உட்காரட்டும் சார்?"

"நாளைக்கே உட்காருங்க. திரைக்குப் பின்னாடி."

"கச்சேரியிலயுமா?"

"நாங்க தேர்ந்தெடுத்தது திரைக்குப் பின்னாடி இருந்த ஆளை. அதை மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்லைம்மா. நடக்கவும் கனைக்கவும் எழுத்தரைப் போட்டுத் தர்றோம்."

ஊர் பார்க்க ஒரு தடவையாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய பத்தொன்பது வருஷத்து ஆசை. நாற்காலி கிடைத்துவிட்டது. ஊர்தான் திரைக்கு அந்தப் பக்கம்.

முதல் கச்சேரிக்கு வந்திருந்த நாத்தனார் வீடு திரும்பியதும் சொன்னாள்: "அந்த முதல் நாற்காலிக்காரர் உருக்கிட்டார் போ. ஆமா, உன்னை எங்க காணோம்?"

பத்திரிகைகள், முகம் காட்டாத நாதமே தூய நாதம் என்று எழுதின. அதற்குள் இது நாகரிகமாகிவிட்டது. முரசுக்காரர் தமக்கும் திரை கேட்டு மனுப் போட்டார். குழல்காரர்கள் கௌரவக் குறைச்சல் என்று வேலைநிறுத்தம் செய்து வாங்கினார்கள். மூன்றே மாதத்தில், கோல் வீசி இசையை நடத்துபவரும் பின்னால் போய்விட்டார்.

ஆண்டு விழாவில் எழுத்தர் நாற்பத்தொரு முறை நடந்து வந்து, நாற்பத்தொரு முறை கனைத்தார். இசை முடிந்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் மேடையேறி, பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அணிவிக்க ஆள் தேடினார்.

திரைக்குப் பின்னால் வாசித்தவர்களும் நடத்தியவருமாக நாற்பத்தொரு பேர். வெளியே மீதி, குனிந்து வணங்கிக்கொண்டிருந்த எழுத்தர் ஒருவர்.