கறை படாத தொப்பி

"எந்த சைஸ்?" என்று கேட்டாள் மருந்துக்கடைப் பெண்.

"அம்பத்தெட்டு சென்டிமீட்டர்" என்றார் குமாஸ்தா.

நாப்கின் பாக்கெட்டை எடுக்கப் போன அவள் கை அலமாரியிலேயே நின்றது. "என்னது?"

"சுற்றளவு."

"யாருக்குங்க?"

"எங்க ஸ்டோர்கீப்பருக்கு. தலைக்கு."

அவள் அவர் தலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு இருப்பதிலேயே பெரிய பாக்கெட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். குமாஸ்தா நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

யோசனை அவர் மனைவியுடையது. வேறு ஊரில் தமிழ் டீச்சராக இருந்தாள். காலையில் போனில் சொன்னாள்.

"தொப்பிக்குள்ள நெத்தி படுற இடத்துல ஒண்ணு ஒட்டிடுங்க. வேர்வையை உறிஞ்சிடும், மேக்கப்பும் தொப்பில படாது. ஸ்கூல் டிராமாவுக்கு நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

"தொப்பிக்கா?"

"சட்டைக் கக்கத்துக்கும் ஒட்டலாம். சொல்றதைக் கேளுங்க."

அன்று மாலை ஐந்தரைக்கு ஆபீஸ் ஆண்டு விழா. நாடகம் உண்டு. மேனேஜரே எழுதியது. கதாநாயகன் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை ஒரு வெள்ளைத் தொப்பி அணிந்திருப்பான். அது மேனேஜரின் சொந்தத் தொப்பி. அகலமான விளிம்பு. விளிம்பைச் சுற்றிலும் சிவப்புக் கரை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜர் தெருமுனை திரும்புவதற்கு முன்னால் அது திரும்பும்.

உடைப் பொறுப்பு இந்த வருடம் தபால் பிரிவில் இருக்கும் இந்தக் குமாஸ்தாவுக்கு வந்தது. முதல் இரண்டு வருடமும் அதைப் பார்த்துக்கொண்டவர் ரெக்கார்டு ரூம்காரர். போன வருட நாடகம் முடிந்த மறு வாரமே அவரைக் கடைக்கோடிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று கேள்வி. தொப்பியை என்ன பாடு படுத்தினாரோ என்று குமாஸ்தா நினைத்துக்கொண்டார்.

குமாஸ்தாவின் மாற்றல் விண்ணப்பமும் மேனேஜர் மேஜையில் இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம். அதில் மனைவியோடு சேர்ந்தாற்போல் ஒன்பது நாள் இருந்தது, அவள் காலில் கட்டுப் போட்டிருந்தபோதுதான். வீட்டில் இரண்டு தலையணைகள் இருந்தன. ஒன்று இன்னும் புதிதாகவே இருந்தது. இப்போது அவள் ஊர்க் கிளையில் ஓர் இடம் காலி. மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"தொப்பியைப் பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க" என்று சொல்லித்தான் மேனேஜர் கொடுத்தார். "ஏதாவது ஆனா ஆயிட்டுப் போகுது."

 அலட்டிக்கொள்ளாதே என்று மேலதிகாரி சொன்னால் என்ன அர்த்தம் என்று குமாஸ்தாவுக்குத் தெரியும். ஆறு வருட சர்வீஸ்.

கதாநாயகன் ஸ்டோர்கீப்பர். ஆபீஸில் அவருக்குக் குழாய் என்று பெயர். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து எழுதினாலும் வேர்வையில் மை ஊறிவிடும். நாலு வரி வசனம் சேர்ந்தாற்போல் நினைவில் நிற்காது. ஆனாலும் அவர்தான் வேண்டும் என்று மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். "அவர் முகத்துல ஒரு களை இருக்கு" என்றார். மற்றவர்கள் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

நாலு மணிக்கு ஒப்பனை அறையில் குமாஸ்தா தொப்பிக்குள் நாப்கின்களை வரிசையாக ஒட்டினார். தபால் பிரிவுக்காரர் ஒட்டினால் ஒட்டியதுதான். குழாய் முகத்தில் அரை அங்குலத்துக்கு மேக்கப் பூசிக்கொண்டு வந்து தொப்பியைத் தலையில் வைத்தார்.

"தம்பி, தொப்பி தலைமேல இல்ல. தலைக்குப் பக்கத்துல இருக்கு."

"கொஞ்சம் அழுத்துங்க அண்ணே."

அழுத்தியதும் நெற்றி மேக்கப் கீழே வழுக்கியது. இரண்டு புருவங்களும் இறங்கிக் கண்ணிமைக்கு வந்தன. குமாஸ்தா தொப்பியைப் பிடுங்கிப் பார்த்தார். நல்லவேளை, படவில்லை.

மேக்கப் நகராமல் இருக்க அவர் அரை டப்பா பவுடரை நெற்றியில் கொட்டினார். பவுடரும் வேர்வையும் சேர்ந்து பசையானது. குழாய் தும்மினார். பசை கண்ணாடிக்குப் போனது.

"என்னை மாவு பிசையுறியா தம்பி?"

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே."

மழைக்காலத்தில் பார்சல்களுக்குச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் குமாஸ்தாவின் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து குழாயின் நெற்றியைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றினார். நாலாவது சுற்றுக்குக் காதையும் சேர்த்துக்கொண்டார்.

"இப்ப ஒரு சொட்டு வெளிய வராது."

"அப்ப எங்க போகும்?" என்று கேட்டார் குழாய்.

அதைக் குமாஸ்தா யோசிக்கவில்லை.

அவர் கவலை ஐந்தாம் காட்சி. முதல் வருடம் மேனேஜர் எழுதியது நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கும் காதல் கதை. போன வருடம் வெள்ளம். இந்த வருடம் 'பெயிண்டர் வீட்டு மாப்பிள்ளை'. ஐந்தாம் காட்சியில் கதாநாயகன் ஏணிக்குக் கீழே நிற்கும்போது ஒரு வாளி பச்சைப் பெயிண்ட் அவன் தலைமேல் கவிழ வேண்டும். "நிஜப் பெயிண்டே இருக்கட்டும். அப்பத்தான் இயல்பா இருக்கும்" என்று மேனேஜர் மூன்று முறை சொல்லியிருந்தார். ஒரு கலைஞன் தன் கலைக்காகச் சொந்தத் தொப்பியையே பலி கொடுக்கத் துணிந்ததை எண்ணிக் குமாஸ்தா நெகிழ்ந்துபோனார். மனதுக்குள் எப்படித் துடிப்பாரோ. ஆகவே மதியச் சாப்பாட்டு நேரங்களில் பச்சைக் காகிதத்தைப் பொடிப்பொடியாக வெட்டி வைத்திருந்தார்.

வாளி கவிழ்ந்தது. பச்சைத் துண்டுகள் மெதுவாகப் பறந்து இறங்கின. முன் வரிசையில் மேனேஜரின் மனைவி கைதட்டினார். அவரை எல்லோரும் மேடம் என்பார்கள். பக்கத்தில் மேனேஜர் இருக்கையிலிருந்து பாதி எழுந்தவர், அப்படியே உட்கார்ந்தார்.

மேடையில் குழாய் தன் வருங்கால மாமனாரைப் பார்த்து, "மாமா, இனிமே நான் எதையும் மறைக்கப் போறதில்ல" என்று தொப்பியைக் கழற்றினார்.

பிளாஸ்டிக்குக்குள் ஐந்து காட்சிகளாகத் தேங்கியிருந்தது ஒரே வீச்சில் இறங்கியது. மாமனார் ஒதுங்கினார். நெற்றியில் ஒரு நாப்கின் ஒட்டிக்கொண்டு நின்றது.

கதாநாயகியாக நடித்த ரிசப்ஷனிஸ்ட் கெட்டிக்காரி. "ஐயோ! இது என்ன நெத்தியில?" என்று சமாளித்தாள். குழாய், காயத்துக்குக் கட்டு என்று சொன்னால் போதும்.

குழாய் தொட்டுப் பார்த்தார். "நாப்கின்" என்றார்.

அரங்கம் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழாய் பதறிப்போய் மேக்கப் வழிந்த கையால் தொப்பியைப் பிடித்து மறுபடி தலையில் கவிழ்த்தார்.

திரை விழுந்ததும் குமாஸ்தா தொப்பியை விளக்கடியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேர்வை இல்லை. பவுடர் இல்லை. விளிம்பில், சிவப்புக் கரைக்கு உள்பக்கம், ஒரே ஒரு கட்டைவிரல் அடையாளம். பழுப்பு நிறம்.

மறுநாள் காலை லாண்டரி திறக்கும்போது அவர் வாசலில் இருந்தார்.

"என்ன பண்ணணும்னு சீட்டுல நீங்களே எழுதிடுங்க" என்றார் லாண்டரிக்காரர். "அப்புறம் நான் சொன்னேன், நீங்க சொன்னீங்கன்னு வரக்கூடாது."

குமாஸ்தா நிதானமாக எழுதினார்: *தொப்பியில் உள்ள கரையை அடையாளம் தெரியாமல் எடுக்கவும்.*

மாலையில் போனபோது தொப்பி தயாராக இருந்தது. பக்கத்தில் சிவப்பாக ஏதோ ஒன்று சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது. தொப்பி விளிம்புவரை வெள்ளையாக, சாப்பிடாமல் கழுவி வைத்த தட்டுப் போல இருந்தது. ஓரத்தில் மட்டும் அந்தக் கட்டைவிரல் அடையாளம்.

"இது என்னங்க?"

"கரை."

"அது தெரியுது. இது?"

"அது கறை."

"அதைத்தானே எடுக்கச் சொன்னேன்?"

"நீங்க கரையைத்தானே எடுக்கச் சொன்னீங்க?"

"ஆமா, கறையை!"

"அதான், கரையை."

இரண்டு வாயிலும் ஒரே சத்தம்தான் வந்தது. லாண்டரிக்காரர் சீட்டை எடுத்து விரித்தார். ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது எந்த ர?"

குமாஸ்தா பார்த்தார். 

"சின்ன ர. சின்ன ர போட்டா ஓரம். பெரிய ற போட்டாத்தான் அழுக்கு. நான் எட்டாவதோட நின்னவன் சார், ஆனா இது தெரியும்." தொப்பியைத் திருப்பிக் காட்டினார். "தையல் இருந்த அடையாளம் தெரியுதா பாருங்க. நூல் நூலா பிரிச்சிருக்கோம்."

"சரிங்க. தப்பு என்னோடதுதான். இப்ப பெரிய ற கறையை எடுத்துடுங்க."

"இனி வராது. இஸ்திரி போட்டாச்சு. சூடு பட்ட மேக்கப்பு சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி."

குமாஸ்தா வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார். 

"இருக்கியா?"

"இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு லெட்டர் போட்டீங்களே. 'உன் அறையில் என் நினைவு இருக்கிறதா'ன்னு கேட்டு."

"ஆமா."

"அதுல அறைக்கு சின்ன ர போட்டிருந்தீங்க. அரையில. இடுப்புல."

"சொல்லவே இல்லையே?"

"அப்புறம் கல்யாணம் நின்னுடுமேன்னு விட்டுட்டேன். சரி, கேளுங்க. தையல்காரர்கிட்ட கொடுத்து அந்தக் கரையை ரெண்டு விரல் அகலமா வச்சுத் தைக்கச் சொல்லுங்க. கறை கரைக்குள்ள போயிடும்."

"எது எதுக்குள்ள?"

"எதுவும் எழுதிக் கொடுக்காதீங்க. கையால காட்டுங்க."

அவர் கையால் காட்டினார். தையல்காரர் வேலையில் மானமுள்ள மனிதர். புதிய சிவப்புத் துணியில் இரண்டு விரலுக்கு மூன்று விரலாக வைத்துத் தைத்தார். உள்ளே கழற்றித் துவைக்கிற மாதிரி பட்டன் வைத்து ஒரு பட்டை கொடுத்தார். மேலே ஏதோ ஒரு மருந்தை அடித்து, ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர் உருண்டு ஓடியது.

"எண்ணெய் ஊத்துங்க, மை ஊத்துங்க. ஒட்டாது" என்றார்.

குமாஸ்தாவுக்கு இரண்டு நாளில் முதல் முறையாகப் பசித்தது.

மறுநாள் மதியம் மேனேஜர் அறையில் மேடமும் இருந்தார். இருவரும் எங்கோ சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் குமாஸ்தாவின் விண்ணப்பம். மேனேஜர் கையில் மூடி திறந்த பேனா.

"வாங்க, வாங்க. தொப்பியா?" மேனேஜரின் முகத்தில் ஒரு பரிவு தெரிந்தது. "ரொம்ப வீணாப் போயிடுச்சா? பரவாயில்ல, சொல்லுங்க. மனசைத் தேத்திக்கிறேன்."

குமாஸ்தா பெட்டியைத் திறந்தார்.

 மேடம் தொப்பியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். "அட! முன்னைவிட எடுப்பா இருக்கே! சிவப்பு இன்னும் அகலமா, பளிச்சுன்னு!"

"ஒரு கறைகூட இல்லையா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இல்ல சார். இனிமேயும் வராது. தண்ணி, எண்ணெய், மை, எதுவுமே ஒட்டாது. இன்னும் இருபது வருஷம் உழைக்கும்."

"இருபது வருஷமா?"

"குறைஞ்சது, சார்."

மேடம் தொப்பியை மேனேஜர் தலையில் வைத்து நேராக்கினார். "இனிமே ஞாயித்துக்கிழமைக்குன்னு எடுத்து வைக்க வேண்டியதில்ல. தினமும் ஆபீசுக்கே போட்டுக்கிட்டு வரலாம்."

தொப்பியின் நிழலில் மேனேஜரின் கண்கள் தெரியவில்லை. அவர் விண்ணப்பத்தை அருகில் இழுத்தார். ஓர் இடத்தில் அடித்தார். ஏதோ எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

"மாற்றல்தானே கேட்டிருந்தீங்க? கொடுத்தாச்சு. நாளைக்கே கிளம்பலாம்."

 குமாஸ்தா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். மனைவியின் எண்ணை அழுத்திக்கொண்டே போர்ட்டிகோ வரை நடந்து, காரருகில் நின்று காகிதத்தைப் பிரித்தார்.

மனைவியின் ஊர்ப் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல், ஒரு பிழையும் இல்லாமல், 'கடைக்கோடிக் கிடங்கு' என்று எழுதியிருந்தது.

போனில் "என்னாச்சுங்க? கையெழுத்துப் போட்டுட்டாரா?" என்று மனைவியின் குரல் கேட்டது.

காரைத் துடைத்துக்கொண்டிருந்த மேனேஜரின் டிரைவர் எட்டிக் காகிதத்தைப் பார்த்தார். "ரெக்கார்டு ரூம்காரரும் இதே இடத்துல நின்னுதான் சார் முழிச்சாரு" என்றார்.

"நான் ஒரு கறைகூட இல்லாமதானேப்பா கொடுத்தேன்?"

"அவரும் அப்படித்தான் சார் கொடுத்தாரு" என்றார் டிரைவர், துணியைப் பிழிந்தபடி. "மேடம் ஆசையா வாங்கிக் கொடுத்த அந்தத் தொப்பியை ஒழிச்சுக்கட்டத்தானே ஐயா மூணு வருஷமா நாடகமே எழுதுறாரு?"