துருவாசர்

கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதன் முகத்தைத் துடைப்பார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள், ஊரார் பார்க்கிற இடத்தையெல்லாம் பளபளப்பாக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்கள். ஊரார் பார்க்காத இடத்தை நினைத்து நினைத்தே உருகிப்போகிற ரகம் ஒன்று உண்டு. அந்த ரகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் துருவாசர். புராணத்து முனிவருக்குக் கோபம் வந்தால்தான் சாபம். நம்மவர் பிரியமாக இருக்கும்போதே கொடுத்துவிடுவார்.

நீங்கள் புது வண்டி வாங்கி, வாசலில் நிறுத்தி, பக்கத்து வீட்டுத் துருவாசரை ஆசையாகக் கூப்பிடுகிறீர்கள். மேலே பார்ப்பாரா? மாட்டார். சட்டை அழுக்காகுமே என்ற கவலையில்லாமல் தரையில் கையை ஊன்றி, கன்னம் மண்ணில் படக் குனிந்து, வண்டியின் அடிவயிற்றை நோட்டம் விட்டு, 'ச்சு' கொட்டி, எழுந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டு, "நல்ல வண்டிதான். ஆனா ரெண்டு மழை தாங்காது" என்பார். அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

என் பக்கத்து வீட்டுத் துருவாசரின் சொந்த வண்டியோ, கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளுக்கு மூத்தது. விடுமுறை விடிந்தால் போதும், ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, அடியில் போய்ப் படுத்துவிடுவார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டுவார், கழுவுவார், காயவைப்பார், தார் மாதிரி ஒரு கறுப்புப் பூச்சை அடுக்கடுக்காக அடிப்பார். வீட்டில் எல்லாருக்கும் அவர் முகம் மறந்து காலே பழகிவிட்டது. காபி வேண்டுமா என்று மனைவி காலைப் பார்த்துத்தான் கேட்பார். கட்டைவிரல் ஆடினால் வேண்டும். மகள் ஒருமுறை உள்ளங்காலிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சுற்றுலாவே போய்வந்துவிட்டாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா? அதெல்லாம் மேலுலக விவகாரம். அவருக்குச் சம்பந்தமில்லை.

மனைவி பொறுமைசாலிதான். ஆனால் போன மழையில் வண்டியின் தரை பொத்துக்கொண்டு, தங்கை வீட்டு விருந்துக்குப் புதுச் செருப்போடு கிளம்பியவர், முழங்கால்வரை சேறோடு போய் இறங்கினார். அன்றே தீர்ப்பு வந்தது.

"அடுத்த மழைக்கு வண்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்தாலும் எடைக்குப் போட்டுடுவேன்."

கவனியுங்கள், 'போட்டுடலாம்' இல்லை, 'போட்டுடுவேன்'. துருவாசர் ஆடிப்போனார். வண்டி போய்விட்டால் எதற்கடியில் படுப்பது, கட்டிலுக்கா? எனக்கே பாவமாக இருந்தது.

கங்கணம் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். பொத்துப்போன இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தார், பூச்சுமேல் பூச்சு அடித்தார், இனி எங்கே அடிப்பது என்று தேடிக்கொண்டு போகும்போதுதான் கதவுகளின் அடிவிளிம்பில் பட்டாணி அளவு ஓட்டைகள் அவர் கண்ணில் பட்டன. கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வடிந்து போகட்டும் என்று வண்டி செய்தவன் யோசித்து வைத்த ஓட்டைகள். நம்மவர் என்ன செய்தார்? "பாருங்க சார், அடைக்க மறந்துட்டான்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பெரிய மேதை மாதிரி குனிந்து பார்த்துத் தலையாட்டினேன். ஒன்றுவிடாமல் கறுப்புப் பூச்சால் அடைத்துவிட்டார்.

மழை வந்தது, கொட்டித் தீர்த்தது. வானம் வெறித்ததும் மனைவியை முன்னால் உட்காரவைத்து, சாட்சிக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தரையைத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. துருவாசர் சீட்டி அடிக்க ஆரம்பித்தார். முதல் திருப்பத்தில் கதவு 'களக்' என்றது. அடுத்த திருப்பத்தில் 'களக் புளக்'.

"என்னங்க, கதவுக்குள்ள யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்கு."

ரோடு சரியில்லை என்றார் துருவாசர். சொல்லிவிட்டு பிரேக் போட்டார். நாலு கதவும் ஒன்றாகக் கொப்பளித்தன.

"நிறைகுடம் தளும்பாதும்பாங்க. இது தளும்புதே, இன்னும் கொஞ்சம் ரொப்பணுமோ?" என்றார் மனைவி.

கதவுக்குள் இருப்பது வண்டிக்குள் இருப்பதாகுமா என்று துருவாசர் வாதாடிப் பார்த்தார். மனைவி தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி நீட்டினார். குத்தச் சொல்கிறார் என்று அவருக்கே புரிந்தது.

வாரக்கணக்கில் ஓட்டை அடைத்த மனிதர், ஈரத் தெருவில் மல்லாந்து படுத்து, கதவடியில் ஓட்டை போட்டார். அவருக்கு வாயைப் பிளந்துகொண்டு வேலை செய்கிற பழக்கம். பெய்த மழை மொத்தமும் அந்த வாயில் இறங்கியது. எடைக்குப் போவது நிச்சயம் என்று நான் ஆறுதல் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மனைவி வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி வண்டிக்குள்ள வரலை. வண்டிய விட்டு வெளியதான் வருது. பொழச்சுப் போங்க."

கட்டைவிரல் ஆடியது.

புத்தி வந்ததா என்கிறீர்களா? மறுநாளே எதிர்வீட்டுக்காரரின் வண்டிக் கதவடியில் குனிந்துகொண்டிருந்தார். "இந்த ஓட்டைய மட்டும் அடைச்சுடாதீங்க, நான் அப்பவே சொன்னேனே" என்று உபதேசம் நடந்தது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கதவடியில் ஓட்டை என்று படித்தபோதே உங்கள் வண்டி ஞாபகம் வந்ததா, இல்லையா? எதற்கு மனதில் வைத்துக்கொண்டு தவிக்க வேண்டும், போய்ப் பார்த்துவிட்டே வாருங்கள். எழும்போது முழங்கையை மட்டும் தட்டிக்கொள்ளுங்கள், துருவாசரே.